பதினோரு மணிக் கோடு

டம்ளர் உள்ளே திரும்பிப் போய்விட்டது. போனது போனதுதான். இனிமேல் பின்னாலேயே கூப்பிட்டு, "அதை இப்படிக் கொண்டாங்க, குடிக்கிறேன்" என்று சொல்லவா முடியும்? சோணைமுத்து பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மடியிலிருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டு லிட்டர் பாட்டில். மகள் சுடர்க்கொடி சிவப்பு நகப்பாலிஷால் அதன் மேல் நாலு கோடு இழுத்து எட்டு, பதினொன்று, ரெண்டு, ஐந்து என்று மணி எழுதியிருந்தாள். அந்தந்த மணிக்குத் தண்ணீர் அந்தந்தக் கோட்டுக்கு இறங்கியிருக்க வேண்டும். கால் கட்டைவிரலில் உப்பாக உறைந்துகிடக்கிற யூரிக் ஆசிட்டைத் தண்ணீர்தான் வெளியே தள்ளும் என்பது அவள் சட்டம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் போட்ட சட்டத்துக்கு அப்பீல் ஏது? அதெல்லாம் சரி. ஆனால் வந்து உட்கார்ந்து முழுசாக ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சுடர் கட்டிக்க ஆசைப்படுகிற பையனின் அப்பா பொன்னையா, புத்தம்புது எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரைக் கொண்டுவந்து ரெண்டு கையாலும் நீட்டினார். நீட்டின அந்த நேரம் பார்த்து இவருடைய கை பைக்குள் போய்ப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டது. இவர் குடித்தார் என்று சொல்லவே வரவில்லை, கைதான் செய்தது அத்தனையும். பொன்னையா டம்ளரோடு கொஞ்சம் நின்றார். தண்ணீர் லேசாகத் தளும்பியது. "சரிங்க" என்றார். உள்ளே போய்விட்டார். சரிங்க என்றால் என்ன சரி? எது சரி? டம்ளரின் அடியில் கடைக்காரன் ஒட்டின சீட்டு பாதி கிழிந்தும் கிழியாமலும் இருந்தது, அதை வேறு பார்த்துத் தொலைத்துவிட்டார்.

பழக்கம் என்று சொல்லிக்கொண்டார். ரெண்டு வருஷப் பழக்கம், வேறென்ன? எங்கே போனாலும் பாட்டில், கல்யாண வீட்டுக்குப் போனாலும் பாட்டில், கோயிலுக்குப் போனாலும் பாட்டில். வேலை பார்க்கிற பஸ் டிப்போவில் "பாட்டில் சோணை" என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், முதலில் கேட்கிறவன் தப்பர்த்தம் பண்ணிக்கொள்வான். பழக்கம்தான். ஆனால் இன்றைக்கு என்ன நாள்? கை நனைக்க வந்த நாள். சம்பந்தம் பேசுகிற வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிடாமல் எழுந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. வாயால் ஆயிரம் பேசட்டும், இலையில் கை பட்டதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு ஒத்தை ஆளாக பஸ் ஏறி வந்திருக்கிறார். ஒத்தை ஆளாக இதற்கு யாராவது வருவார்களா? சொந்தத்தில் ஒருத்தரும் கூட வரமாட்டேன் என்றுவிட்டார்கள். அவர்கள் ஆட்கள் வேறு, நம் ஆட்கள் வேறு. அதைத்தான் அண்ணன் ஒரு மாசமாக ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். சுடரோ ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "அப்பா, நான் ஓடிப் போக மாட்டேன். உங்களுக்குத் தெரியாமக் கையெழுத்தும் போட மாட்டேன். நீங்க அந்த வீட்டுல போயி மனசாரக் கை நனைச்சுட்டு வாங்க, கட்டிக்கிறேன். இல்லையா, இப்படியே இருந்துட்டுப் போறேன். அம்மா இருந்தா அம்மாகிட்டக் கேட்டுருப்பேன். இல்ல. உங்ககிட்டத்தான் கேக்க முடியும்." சொல்லிவிட்டு ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி அவர் கட்டைவிரலில் வைத்து அமுக்கினாள். முப்பது வயசு ஆகிறது பிள்ளைக்கு. மனசார என்று ஒரு வார்த்தையைப் போட்டாளே, அதுதான் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் செருப்புக்குள் கல் விழுந்த மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது.

செருப்பு என்றதும் விரல் ஞாபகம். வலது கால் கட்டைவிரல் காலையிலிருந்தே ஒரு தினுசாகத்தான் இருக்கிறது. வலி இல்லை, வலிக்கு முன்னால் வருகிற ஒரு கதகதப்பு, ஒரு குறுகுறுப்பு. வருமா? வராது. வந்தாலும் வரும். பாழாய்ப் போன விரலைப் பற்றி எவனால் சொல்ல முடியும். முதல் தடவை வந்தது ரெண்டு வருஷத்துக்கு முன்னால். குலதெய்வம் கோயில் கிடா வெட்டு முடிந்து மூன்று நாள் கறி. ஈரல், குடல், தலைக்கறி, ஒன்று விடவில்லை. நாலாம் நாள் காலையில் எழுந்தால் விரல் தக்காளிப்பழம் மாதிரி சிவந்து பளபளவென்று நிற்கிறது. போர்வை பட்டால் உயிர் போகிறது. போர்வை கிடக்கட்டும், மின்விசிறிக் காற்றுப் பட்டாலே உயிர் போகிறது! அண்ணன் வந்தார், நல்லெண்ணெயைக் காய்ச்சிச் சூடு பறக்க நீவிவிட்டார், சுளுக்கு என்று. தெருவே கேட்கிற மாதிரி கத்தினார் சோணைமுத்து. சுடர் வேலையிலிருந்து வந்து அந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, ஐஸ் வைத்தாள், அப்போதுதான் மூச்சு வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒன்பது புள்ளி நாலு. டாக்டர் மாத்திரை எழுதினார், வாயையும் கட்டச் சொன்னார். அன்றிலிருந்து சாப்பாட்டு ராச்சியம் சுடர் கைக்குப் போனது. ஈரல் கிடையாது, தலைக்கறி கிடையாது, நெத்திலி கிடையாது, பீர் கிடையாது, கலர் சோடா கிடையாது. தயிர் உண்டு, மோர் உண்டு, சுரைக்காய் உண்டு, வெள்ளரிக்காய் உண்டு, கொய்யாப்பழம் உண்டு. முடக்கத்தான் தோசை பக்கத்து வீட்டுக்காரி சொன்னது. கெடுதல் இல்லை, சாப்பிட்டுக்கோங்க என்று சுடர் அனுமதித்தாள். செரிப்பழம் நல்லது என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, பேக்கரியில் பன்னு மேல் ஒட்டியிருக்கிற சிவப்பு உருண்டையை கால் கிலோ வாங்கிவந்து தின்றாரே, அது செரி இல்லையாம், சீனிப்பாகில் ஊறின களாக்காயாம். சுடர் சிரித்த சிரிப்பு! அம்மா போனதற்கப்புறம் அவள் அப்படிச் சிரித்ததே அன்றைக்குத்தான். அப்புறம் ஒரு கூத்து, சஷ்டிக்கு ஆறு நாள் பச்சைத் தண்ணீரில் கிடந்தார், முருகன் விரலைக் குணமாக்கிவிடுவான் என்று. ஏழாம் நாள் விரல் மறுபடி தக்காளி. "பட்டினி கிடந்தாலும் அந்த ஆசிட் ஏறும்ப்பா, முருகன் என்ன செய்வாரு பாவம்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எடை மெதுவாக, மெதுவாகத்தான் இறங்க வேண்டும் என்று ஏழு கிலோ இறக்கிவிட்டாள் மனுஷனை. போன மாசம் எடுத்தபோது ஆறு புள்ளி எட்டு. அதற்கு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாகத் திரிந்தாள்.

உள்ளேயிருந்து வாசனை வந்தது. கறி கொதிக்கிற வாசனை இல்லை, அது இவர் வீட்டுக்குள் நுழைந்ததுமே பிடிபட்டது. இது வேறு. கல்லில் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுருள வறுக்கிற சுவரொட்டி. ஆட்டு மண்ணீரல், ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான், அதை யாருக்கு வைப்பார்கள்? வீட்டுக்கு வந்த பெரிய ஆளுக்கு வைப்பார்கள். கூடவே ஈரலும் இருக்கும். நாக்கில் எச்சில் ஊறியது, வெட்கம் கெட்ட நாக்கு. வைப்பார்கள், இலையில் முதல் ஆளாக எனக்குத்தான் வைப்பார்கள். மரியாதை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு ஆசிட். தின்றால்? ஒரு துண்டில் ஒன்றும் ஆகாது. ஒரு துண்டோடு விடுவார்களா? தின்றால் நாளைக்கோ நாளை மறுநாளோ விரல் எழுந்து நிற்கும், ரெண்டு வருஷம் அந்தப் பிள்ளை பாடுபட்டது பாழ். தின்னாவிட்டால்? "எனக்கு யூரிக் ஆசிட், டாக்டர் பத்தியம் சொல்லியிருக்காரு" என்று சொல்லலாம். சொல்லலாமே, நூத்துக்கு நூறு உண்மைதானே? உண்மைதான், உண்மைதான். அந்த உண்மையைத்தான் அண்ணன் முந்தாநாள் வீட்டுக்கு வந்து நாசம் பண்ணிவிட்டுப் போனார். "சரி, போறதுதான் போற. போயிட்டு வா, பிள்ளை மனசு நோகவேணாம். ஆனா கை நனைக்காம வந்துரு. உனக்கென்னப்பா, கையில சாக்கு ரெடியா இருக்கு. காலு வலி, பத்தியம்னு சொல்லிரு. அவிங்களும் வாயத் தொறக்க முடியாது, நம்ம பக்கமும் நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேச முடியாது." இதற்கு சோணைமுத்து என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா, தலையை ஆட்டினாரா? லேசாக ஆட்டின மாதிரி இருந்தது. கொசுவை விரட்ட ஆட்டினதாக இருக்கலாம். ஆட்டினார். ஆட்டினார்தான்.

அதுதான் இப்போது குறுக்கே நிற்கிறது. உண்மையே சாக்காகிவிட்டால் உண்மையை எந்த வாயால் சொல்கிறது? முப்பத்தொரு வருஷமாக அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். சாக்கு கேட்டே காது புளித்துப்போன மனுஷர். தூங்கிட்டேன் சார், சில்லறை இல்லை சார், கண்டக்டர் பின்னாடி நின்னாரு சார், இதோ இந்த ஸ்டாப்புலதான் சார் ஏறினேன். ஆள் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாலேயே எது நிஜம், எது புளுகு என்று சொல்லிவிடுவார், அப்படி ஒரு பேர் டிப்போவில். பேர்தான். நத்தம் வண்டியில் ஒரு அம்மா, பர்சைக் காணோம் என்று அழுதாள், டிக்கெட் அதுக்குள்ளதான் இருக்கு என்றாள். "இதை நான் நூறு தடவை கேட்டாச்சு, எறங்கும்மா" என்று வெயிலில் இறக்கிவிட்டார். சாயங்காலம் வண்டி டிப்போவுக்கு வந்து கூட்டுகிறபோது சீட்டுக்கு அடியில் பர்ஸ் கிடந்தது, டிக்கெட்டும் உள்ளே மடித்தபடி கிடந்தது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் பொய் சொல்கிறவர்கள் என்ன வார்த்தை சொல்வார்களோ அதே வார்த்தையைத்தான் அவளும் சொல்ல வேண்டியிருந்தது, வேறு வார்த்தைக்கு அவள் எங்கே போவாள்? அவளை இறக்கிவிட்ட ஆள் இன்றைக்கு அவள் நின்ற இடத்தில் நிற்கிறார். நல்லா வேணும்.

"பஸ்சு கூட்டமா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே பொன்னையா வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒல்லியான மனுஷர், மின்வாரியத்தில் லைன்மேனாகக் கம்பம் ஏறி ஏறி முழங்காலெல்லாம் காய்ப்பு. முகத்தில் கோபம் இருக்கிறதா? தேடினார் சோணைமுத்து, பிடிபடவில்லை. "ஞாயித்துக்கெழமைல்ல, இருந்துச்சுங்க" என்றார். சுவரில் பையன் செங்கதிரின் பட்டமளிப்புப் படம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை, சுடர் வேலை பார்க்கிற அதே கட்டடம். நல்ல பிள்ளை, வந்ததும் பையை வாங்கி நாற்காலி ஓரமாக வைத்தான், ஃபேனுக்குக் கீழே நாற்காலியை நகர்த்திப் போட்டான். இப்போது அடுப்படியில் அம்மாவுக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருக்கிறான், சத்தம் கேட்கிறது. என்ன சொல்லி இந்த மனுஷரைக் கூப்பிடுகிறது? ஐயா என்றால் தூரமாகிவிடும், சம்பந்தி என்றால் நாக்கு வரவில்லை. பொன்னையா முழங்காலைத் தடவினார். "சாப்பாடு ஆயிருச்சு. எலை போடச் சொல்லவா?" கொஞ்சம் நிறுத்தினார். "இல்ல, விரதம் கிரதம் எதும் இருக்கீங்களா?" "இல்லையே, ஏன்?" "சும்மாத்தான் கேட்டேன். நம்ம வீட்டுக்கு யாரு வந்தாலும் அன்னைக்குன்னு பாத்து அவுங்களுக்கு விரதம் வந்துரும். எங்கூட இருவத்தேழு வருசம் ஒரே கம்பத்துல ஏறுனவன், எம்மகன் காதுகுத்துக்கு வந்தான். மொய் எழுதினான், போட்டோவுக்கு நின்னான். எலை போட்டா, இன்னைக்குப் பிரதோசம்டா பொன்னையாங்கிறான். அவன் போனதும் காலண்டரப் பாத்தேன், பிரதோசம் முந்தின நாளே முடிஞ்சுபோச்சு." சிரித்தார். சோணைமுத்துவும் சிரித்து வைத்தார், அடிவயிற்றில் சிரிப்பு இல்லை. இதை எனக்குத்தான் சொல்கிறார். டம்ளருக்காகச் சொல்கிறார். இல்லை, பொதுவாகத்தான் சொல்கிறார். என்ன பொதுவாக, எனக்குத்தான். பத்தியம் என்கிற வார்த்தை அந்த நிமிஷத்தில் செத்தது, இனிமேல் அதை இந்த வீட்டில் எடுக்க முடியாது.

தண்ணீர் அத்தனையும் உள்ளே போனதற்கு அது வேறு முட்டிக்கொண்டு வந்தது. "பின்னாடிப் பக்கம்..." என்று இழுத்தார். "வாங்க, வாங்க" என்று பொன்னையா எழுந்தார். எழுந்து நின்றதும் விரல் சுரீர் என்றது. நொண்டக்கூடாது. நொண்டினால் பத்தியக் கதைக்கு நடிக்கிறான் என்று நினைப்பார்களோ? நொண்டாமல் நடந்தால் அப்புறம் காலில் வியாதி என்று எப்படிச் சொல்கிறது? என்ன பிழைப்புடா இது, வலிக்கிற காலை வலிக்கிறது என்று காட்டக்கூட முடியவில்லை. பாதி நொண்டியும் பாதி நொண்டாமலும் அடுப்படியைத் தாண்டினார். தாண்டும்போது பார்த்தார், மேடையில் ஒரு பக்கம் புதுசாக ரெண்டு தட்டு, நாலு கிண்ணம், ஒரு சின்னச் சட்டி, கரண்டி. எல்லாவற்றிலும் சீட்டு கிழித்த பசை. அந்தப் புதுப் பாத்திரங்களுக்கு நடுவில் குடிக்காமல் திரும்பின டம்ளர், தண்ணீர் ததும்ப அப்படியே இருந்தது. யாரும் கொட்டவில்லை. எனக்காக வாங்கியிருக்கிறார்கள். தாங்கள் புழங்கின பாத்திரத்தில் தந்தால் முகம் சுளித்துவிடுவேனோ என்று கடைக்குப் போய்ப் புதுசாக வாங்கியிருக்கிறார்கள்.

கக்கூஸ் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபோது அந்தப் பழைய ஞாபகம் வந்தது. வராதே வராதே என்று இவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டிருந்தது. ஏழு வயசு இருக்கும். வீட்டுக் கொல்லைப்புறம். விறகு பிளக்க வந்த ஆள் தண்ணீர் கேட்டார். அப்பா வயசு ஆள், இந்தப் பொடியனிடம் "தம்பி, தண்ணி ஊத்துறீங்களா" என்று மரியாதை போட்டுக் கேட்டார். அம்மா சொம்பைக் கையில் கொடுத்து, "மேல படாம ஊத்து" என்றாள். அவர் குனிந்து ரெண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டார். சோணைமுத்து சொம்பை உயரத் தூக்கி ஊற்றினான். கை பழகியது அன்றைக்குத்தான். உயரமாக, இன்னும் உயரமாக. அப்புறம் விளையாட்டுப் புத்தி, வேகமாகச் சாய்த்தான். அவருக்குப் புரையேறியது, மூக்கில் தண்ணீர் வந்தது, முழங்கை வரைக்கும் வழிந்தது, இருமி இருமிக் கண் சிவந்துவிட்டது. அண்ணன் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஆளும் சிரித்தார், அதுதான் கொடுமை, அவரும் சிரித்துவிட்டு முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கையைக் குவித்தார். தாகம். என்ன செய்வார்? அவர் பேர் என்ன? பேரே தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்லை. ஐம்பத்தொரு வருஷம் கழித்து அந்தக் கைதான் இன்றைக்குப் பைக்குள் போனதா? சீச்சீ, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இது யூரிக் ஆசிட். இது சுடர் போட்ட கோடு. பதினோரு மணிக் கோட்டுக்கு இறக்க வேண்டும் என்று அவசரமாகக் குடித்தேன். அவ்வளவுதான். அப்படித்தான்.

திரும்பி வந்து, நாற்காலியில் விட்டுப்போன பாட்டிலைப் பைக்குள் வைக்கத் தூக்கினார். பாட்டில் கண்ணுக்கு நேராக நின்றது. தண்ணீர் பதினோரு மணிக் கோட்டில் இல்லை. அதற்கு மூன்று விரல் கீழே, ரெண்டு மணிக் கோட்டை இடித்துக்கொண்டு இருந்தது. அப்படியே நின்றுவிட்டார். பஸ்ஸிலேயே, திண்டுக்கல் வருகிறதுக்கு முன்னாலேயே, பதினோரு மணிக் கோடு வரைக்கும் குடித்து முடித்தாயிற்று. ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "தொட்டாச்சு கோட்டை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஆகவே கோட்டுக்காகக் குடிக்கவில்லை. தாகமும் இல்லை, வயிறு கும்மென்று இருந்தது. அப்படியென்றால் எதற்காக? டிக்கெட்டைக் காட்டு, டிக்கெட்டைக் காட்டு என்று ஊரார் கையையெல்லாம் நீட்டச் சொன்ன மனுஷர், இப்போது தன் கையிலேயே டிக்கெட் இல்லாமல் நிற்கிறார். அவமானமாக இருந்தது. காதெல்லாம் சூடாகியது. சுடர் கேட்டது மனசார. மனசார என்றாளே பாவி மகள், எனக்குள்ளே எத்தனை மனசு இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லையே.

"வாங்கண்ணே, எலை போட்டாச்சு." பையனின் அம்மா மூக்கம்மாள் வந்து கூப்பிட்டாள். அண்ணே! அவள்பாட்டுக்குச் சொல்லிவிட்டாள், நாக்குக் கூசவில்லை அவளுக்கு. கூடத்தில் ரெண்டு இலை, ஒன்று தரையில். இன்னொன்றுக்கு மட்டும் குட்டை ஸ்டூல் போட்டு, அதன்மேல் இலையை விரித்து, பக்கத்தில் நாற்காலி. கால் மடக்க முடியாதவன் என்று எப்படித் தெரிந்து போட்டார்கள்? உட்கார்ந்தார். பொன்னையா பக்கத்து இலையில் சம்மணம் போட்டார். செங்கதிர் அப்பளத் தட்டோடு நின்றான். இப்போது வரும் ஈரல். இப்போது வரும் சுவரொட்டி. தின்றுவிடுவோம், தின்று தொலைப்போம், விரல் போனால் போகட்டும், ஒரு மாசம் கட்டிலில் கிடப்போம், செய்ததுக்கு அதுவும் வேணும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். மூக்கம்மாள் அந்தப் புதுச் சின்னச் சட்டியைத்தான் கொண்டுவந்தாள். கரண்டி சாய்ந்தது. சுரைக்காய்க் கூட்டு. அப்புறம் வெள்ளரிக்காய்ப் பச்சடி. அப்புறம் புடலங்காய்ப் பொரியல். ஒரு கிண்ணத்தில் கட்டித் தயிர். கறியும் சுவரொட்டியும் பொன்னையா இலைக்குப் போனது. சோணைமுத்து நிமிர்ந்து பார்த்தார். "சுடரு போன வாரமே போன் போட்டுச் சொல்லிருச்சுண்ணே, ஈரலக் கண்ணுலயே காட்டாதீங்க, எங்கப்பா கேட்டாலும் குடுக்காதீங்கன்னு. இது தனிச் சட்டி, கறிக் கரண்டி படல" என்றாள் மூக்கம்மாள். குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். "பாட்டில் தண்ணி விசயமும் சொல்லுச்சு. கோடு போட்டுக் குடிப்பாரு, தப்பா எடுத்துக்காதீங்க அத்தைன்னு. இவருதான் அப்பப் புடிச்சு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு. நாஞ்சொன்னேன், அது வியாதிக்குண்டான பழக்கம், மனுசர் பேருல தப்பு இல்லைன்னு."

ஆமாம்மா என்று சொன்னால் முடிந்தது. ஆமாம்மா, பழக்கம்மா, மன்னிச்சுக்கோங்கம்மா. அதைச் சொல்லிவிட்டு சுரைக்காயைப் பிசைந்து வாயில் போட்டால் கை நனைந்தது, சம்மதம் ஆனது, மகள் கல்யாணம் முடிந்தது. மகள் அவருக்கு டிக்கெட்டே எடுத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறாள், ஒரு வாரத்துக்கு முன்னாலேயே. எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று இந்த வீட்டுக்குச் சொல்லி ஜாமீன் நின்றிருக்கிறாள். கை இலைக்கு மேலே நின்றது. இறங்கவில்லை. கறி இல்லை, ஈரல் இல்லை, விரலுக்கு ஒரு கெடுதலும் இல்லை, சாக்கு என்று ஒன்று மிச்சமில்லை, அப்படியும் கை இறங்கவில்லை. அந்தப் பழைய புத்தி தடுத்ததா, இல்லை இந்தப் பொய்யோடு இறங்கக்கூடாது என்று நின்றதா, அவருக்கே விளங்கவில்லை. மூக்கம்மாள் முகம் மாறுகிறது தெரிந்தது. பொன்னையா தன் இலையில் பிசைந்த சோற்றை எடுக்காமல் இவருடைய கையையே பார்த்தார். அப்பளத் தட்டைப் பிடித்திருந்த செங்கதிர் அசையவில்லை.

"வியாதி நெசந்தான், தங்கச்சி" என்றார் சோணைமுத்து. தங்கச்சி என்று எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. குரல் கட்டையாக இருந்தது. "அதுல பொய் இல்ல. ஆனா அப்பக் குடிச்சேன் பாருங்க, அது வியாதிக்குக் குடிச்சது இல்ல. பதினோரு மணித் தண்ணிய நான் பஸ்சுலயே குடிச்சு முடிச்சுட்டேன். எம்மக உங்ககிட்டச் சொன்னது எம்மேல இருக்குற நம்பிக்கையில. நீங்க நீட்டுனப்ப எனக்குத் தாகமே இல்ல."

அடுப்படியில் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. மூக்கம்மாள் கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள், போட்டவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விரல் இப்போது நிஜமாகவே வலிக்க ஆரம்பித்திருந்தது, ஆனால் அது யாருக்கோ வலிக்கிற மாதிரி எட்டத்தில் இருந்தது. முடிந்தது என்று நினைத்தார். மகள் கேட்டதைக் கெடுத்துவிட்டேன், இனி எந்த முகத்தோடு மதுரைக்கு பஸ் ஏறுகிறது என்று நினைத்தார். பொன்னையா ரொம்ப நேரம் அவரைப் பார்த்தார். கோபம்தான் அது, இப்போது நன்றாகத் தெரிந்தது. இவ்வளவு நேரம் இருந்ததும் அதுதான். பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"இப்ப?"

சோணைமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணில் நீர் முட்டியது, அதை மறைக்கவும் இல்லை. தொண்டை மண்ணாகக் காய்ந்து கிடந்தது. "இப்ப இருக்கு" என்றார்.

பொன்னையா சோற்றுக் கையோடு எழுந்தார். மூக்கம்மாள் உள்ளே போகத் திரும்பினாள், "நீ இரு" என்று சொல்லிவிட்டு அவரே போனார். பானை மூடியின் சத்தம் கேட்டது. இடது கையில் கொண்டுவந்தது புது டம்ளர் இல்லை. விளிம்பு நெளிந்து, தேய்ந்து, பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாக "பொன்னையா" என்று பேர் வெட்டின பழைய டம்ளர், தினம் அவர் குடிக்கிறது. இடது கையில் தருகிறோமே என்று அவர் ஒரு கணம் தயங்கினார். சோணைமுத்து அதற்குள் ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். ஆயுசுக்கும் எந்த டம்ளரிலும் வாய் படாமல் அண்ணாந்தே குடித்துப் பழகின மனுஷர், விளிம்பில் உதட்டை வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் வரக் குடித்தார். முக்கால் டம்ளர் குடித்தார். மிச்சத்தை வலது கையில் ஊற்றி நனைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்.